நாலாவது கால்

தேங்காய் நாரைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, காதுக்குக் கீழே தொடங்கி, மயிர் படிந்திருக்கிற போக்கிலேயே குதிரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தாள் ஜெசிந்தா. எதிர்ப்போக்கில் ஒரு இழுப்பு இழுத்தாலும் சுட்டியின் தோல் ஈ உட்கார்ந்த மாதிரி வெட்டி வெட்டி அடங்கும், அப்புறம் முதலிலிருந்து சமாதானம் பண்ண வேண்டும். தண்ணீர் ஐஸாக இருந்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் கை தன்னுடைய கை மாதிரியே இல்லை, ஆனால் சுட்டியின் கழுத்து அடுப்பை ஒட்டின சுவர் மாதிரி கதகதவென்று இருந்ததால், தேய்க்கிற சாக்கில் இடது கையை அங்கேயே ஒட்டி வைத்துக்கொண்டாள். தகரக் கொட்டகைக்குள் மேகம் வந்து நின்றிருந்தது. கொடைக்கானலில் சித்திரை பிறந்தாலும் ஏழு மணிக்கு ஏரி கண்ணுக்குத் தெரியாது, படகுக்காரர்கள் பேசிக்கொள்வது மட்டும் தண்ணீர் மேல் நடந்து வருகிற மாதிரிக் கேட்கும். கட்டுக்கயிறு ஆணியில் தொங்கியது. அவள் எடுக்கவில்லை. கட்டாமல்தான் தேய்ப்பாள், அது பிரிட்டோவுக்குத் தெரியாது. தெரிந்தால், ஏ புள்ள, ஒதச்சுக்கிதச்சு வச்சுச்சுன்னா நான் உன்னையத் தூக்கிட்டு ஓடுறதா பாப்பாவத் தூக்கிட்டு ஓடுறதா, என்பான். புருஷனுக்குத் தெரியாதது இந்தக் கொட்டகைக்குள் ஒன்றிரண்டு இல்லை. இன்றைக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்றுதான், அதைத்தான் அவள் நாரை முக்கும்போதெல்லாம் நாக்குக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் மூக்கையா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறான். மேட்டுத் தெருதான், போய்வரக் கால் மணி நேரம், ஆனால் மூக்கையா அண்ணன் ஒரு டம்ளர் கடுங்காப்பியைக் கையில் கொடுத்து நாலு கதை பேசாமல் யாரையும் அனுப்பமாட்டார், கதை நீளட்டும் மாதாவே, காப்பி சூடாக இருக்கட்டும், ஊதி ஊதிக் குடிக்கட்டும். ஏனென்றால் திரும்பி வரும்போது அவன் கையில் முள்ளுக் கடிவாளம் இருக்கும். சாதாரணக் கடிவாளத்தின் வாய்க்கம்பி வழுவழுவென்று இருக்கும். இதில் கம்பி முழுக்க ஆணிமுனை. வாரை இழுத்தால் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் ஏறும். மூக்கையா அண்ணனின் குதிரை தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதை அவள் ஒருதரம் பார்த்திருக்கிறாள், பல் வலிக்காரர் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக உறிஞ்சியது, தொட்டித் தண்ணீரில் ரோஸ் நிறத்தில் ஒரு நூல் மிதந்தது.

நாந்தான் கேரட்டுக் குடுத்துப் பழக்கிட்டேன். இவ்வளவுதான் வாக்கியம். நாலு சொல். அதற்குப் பிறகு இன்னொன்று, முள்ளப் போடாதீங்க, ஒரு வாரம் குடுங்க, நானே நிக்காம நடக்க வச்சுருவேன். சொல்லிவிட்டால் முடிந்தது. கழுத்து முடிந்து தோள்பட்டைக்கு வந்திருந்தாள், இங்கே சேணவார் உரசின இடத்தில் மயிர் இல்லாமல் வெள்ளையாக ஒரு வட்டம், அதன்மேல் நார் படாமல் சுற்றிக்கொண்டு போனாள், கை தானாகச் சுற்றிக்கொண்டு போனது, மனசும் அப்படித்தான் அந்த நாலு சொல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் படாமல் சுற்றிப் போகிறது. தை மாதம் அந்த டெம்போ வந்தது. ஏரிச் சாலையில் சைப்ரஸ் மரத்துக்குப் பக்கத்து வளைவில் நிறுத்தினார்கள், சுட்டியின் குட்டியை ஏற்ற. குட்டி தாய்க்குப் பின்னாலேயே ரோட்டில் ஓடுகிறது, கார்க்காரன் எவனாவது அடித்துவிட்டால் என்ன செய்வது, குட்டியோடு சவாரி ஓடாது என்று குதிரை ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னார்கள், பிரிட்டோ கொடுத்துவிட்டான், பழனிப் பக்கம் ஒரு தோப்புக்காரர், நல்ல மனுஷர்தான் என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம், அவன் சொல்வதில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் தாய் எதிரில் வராத நேரமாகப் பார்த்து ஏற்றியிருக்கலாம். சுட்டி முதுகில் ஒரு சின்னப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்து அந்த வளைவில் திரும்பும்போது டெம்போவின் பின்கதவுதான் தெரிந்தது, உள்ளேயிருந்து குட்டி கனைத்தது, இது கனைத்தது, வண்டி போய்விட்டது. அன்று ராத்திரிக்கும் மறுநாளுக்கும் மடி கல்லாகிப் போய், தொட்டால் காலை உதறியது. கறந்துவிட்டால் திரும்பத் திரும்ப ஊறும், கறக்காதே என்றார்கள். ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து மடியில் ஒற்றினாள் ஜெசிந்தா. அவளுக்கு மட்டும் தெரியாதா, அதே மாதம்தான் மகள் பிலோவுக்கு அவள் வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடித்தாள், ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்து நின்றது, ஒரு குட்டிச்சுவரைப் பார்த்தாலும் போய் முட்டிக்கொள்ளலாம் போல வலி, ஆனால் அவளுக்குப் பிள்ளை பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அப்பா, சுட்டியோட பாப்பா எங்கப்பா, என்று பிலோ கேட்டாள். ஸ்கூலுக்குப் போயிருக்குடா, என்றான் பிரிட்டோ. எப்ப விடுவாங்க, என்றாள் பிலோ. அவன் பீடியைத் தேடினான். அதிலிருந்துதான் சுட்டி அந்த வளைவு வந்தால் நின்றது. ஒரு நாள் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனவள் அதைப் பார்த்தாள், சவாரி இல்லாத நேரம், மரத்தடியில் பழனி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது, கண்ணுக்குக் கீழே ஈரக்கோடு. அவளுக்கு வேறென்ன செய்யத் தெரியும், ஸ்வெட்டர் பையில் பிலோவுக்கு வாங்கின கேரட் இருந்தது, ஒன்றை ஒடித்துக் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். பிறகு வேண்டுமென்றே பை நிறைய எடுத்துக்கொண்டு போனாள். நின்றால் கொடுப்பாள், நிற்காத நாளும் நிறுத்திக் கொடுத்தாள், அய்யோ நிறுத்திக் கொடுத்தாளே, ஒரு மாசம்.

ஒரு மாசம் கொடுத்தால் குதிரை என்ன நினைக்கும், இங்கே நின்றால் கேரட் வரும் என்று நினைக்கும், இது ஒன்றாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். போன மாசம் ஒரு காலேஜ் பெண்ணை ஏற்றிக்கொண்டு நல்ல ஓட்டத்தில் வந்த சுட்டி அந்த வளைவில் ஆணியடித்த மாதிரி நின்றது. பெண் கழுத்து வழியாகச் சரிந்து விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. அவளுடைய அப்பா போட்ட சத்தத்தில் படகுத்துறைக் கூட்டம் முழுக்க வந்துவிட்டது. பிரிட்டோ கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றானாம். வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. அந்த எடத்துல பேயா இருக்கு, பிசாசா இருக்கு, ஒண்ணும் வெளங்கல புள்ள, என்றான். அப்போது சொல்லியிருக்கலாம். கதவு திறந்த மாதிரிதான் இருந்தது அந்த நேரம். அவள் ரசத்தை ஊற்றினாள். ஸ்டாண்டில் வைத்து மூக்கையா அண்ணன் சொன்னாராம், பொம்பள வளத்த குதிர பொம்பள மாதிரிதான்டா கோவிச்சுக்கிட்டு நிக்கும், நீ போயி கால்ல விழு, இல்லாட்டி என் முள்ள வாங்கிப் போடு. எல்லோரும் சிரித்தார்களாம், பிரிட்டோவும் சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னான், ஆனால் இன்றைக்கு வருஷப் பிறப்பு, பஸ் பஸ்ஸாகக் கூட்டம் இறங்கும், சீசன் தொடங்கிவிட்டது, காலையில் எழுந்ததும் பல்லைக்கூட விளக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான், வாங்கிட்டு வந்துர்றேன், குளிப்பாட்டி வையி.

முதுகு முடிந்தது, வயிறு முடிந்தது. இனி கால். நாரை வாளி விளிம்பில் போட்டுவிட்டுக் குளம்புக் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னங்காலுக்குப் பக்கத்தில் குந்தினாள். எல்லோரும் கயிற்றை உயரக் கட்டிவிட்டுக் காலைப் பிடித்து மடக்கித் தூக்குவார்கள். அவள் கேட்பாள். தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டே கீழே இறக்கி, கணுக்காலில் இரண்டு விரலை வைத்துவிட்டு, இழுக்காமல் சும்மா இருப்பாள். கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கொடுக்காவிட்டால் கையை எடுத்துவிட்டு, மறுபடி தோளிலிருந்து. முதல் தடவை ஒரு காலுக்கு அரைமணி நேரம் ஆயிற்று, உலையில் அரிசி போட்டுவிட்டு வந்திருந்தாள், சோறு குழைந்து பிசினாகிவிட்டது. இப்போது வலது முன்னங்கால் விரலை வைத்ததும் வந்துவிட்டது. குளம்பு இடுக்கில் அடைந்த மண்ணைக் கொக்கியால் கிளறினாள், மண்ணோடு ஒரு பைன் ஊசி, ஒரு நீலப் பாசிமணி, எந்தப் பிள்ளையின் காப்பிலிருந்து விழுந்ததோ. அவளை யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா. அஞ்சாம் வகுப்பில் ரோஸ்லின் டீச்சர் கேள்வி கேட்பார், பதில் அவளுக்குத் தெரியும், நெஞ்சுக்குள் பளிச்சென்று இருக்கும், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, தொண்டையிலிருந்து நாக்குக்கு வருவதற்குள், உக்காரு, அடுத்தவ சொல்லு, என்று விரல் நகர்ந்துவிடும். அடுத்தவள் சொல்லுகிற பதில் அவளுடைய பதிலாகவே இருக்கும். அப்படியே ஒரு வருஷம் உட்கார்ந்தாள், அப்புறம் பள்ளிக்கூடமே போகவில்லை, பேசாத பிள்ளை, அமைதியான பிள்ளை, தங்கமான பிள்ளை. இடது முன்னங்காலுக்குப் போனாள். தோள், முழங்கால், கணு. காத்திருந்தாள். சுட்டி மூச்சை விட்டது, அவள் தலைமுடிக்குள் சூடாகப் போயிற்று, கொள்ளும் புல்லும் கலந்த மூச்சு. கால் வந்தது. அவளுக்காக ஒரே ஒரு தரம் காத்திருந்தார்கள். மாதா கோயிலில் கல்யாணத்தன்று சாமியார் சம்மதமா என்று கேட்டார், அவள் தலையாட்டினாள், வாயத் தெறந்து சொல்லணும்மா என்றார், அவளுக்கு வரவில்லை, கோயில் முழுக்க இருமினார்கள், அவள் அம்மா பின்னாலிருந்து, சொல்லித் தொலையேன்டி, என்று பல்லைக் கடித்தாள். பக்கத்தில் நின்ற இந்த ஆள், அதற்கு முன்னால் இரண்டே தரம் பார்த்திருந்த ஆள், மூஞ்சியைத் திருப்பாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவா சொல்லு, பஸ்ஸா போகப்போகுது, என்றான். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிப்போடு சம்மதமும் வந்துவிட்டது. அந்தக் குரல் எங்கே போயிற்று. அவன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை, பிலோவுக்குக் காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பான், ஆனால் நாலு வருஷமாக அவள் வாயைத் திறக்கும் நேரமெல்லாம் அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறான். அந்த ஒரு வரியை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போல, சும்மா, காரணமே இல்லாமல், சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, மெதுவா சொல்லு. கேட்டால் எவ்வளவோ சொல்லுவாள். சொல்ல என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

வலது பின்னங்கால். பின்னங்கால் கொடுக்க எந்தக் குதிரையும் யோசிக்கும், உதைப்பதற்கு அதுதான் அதனிடம் இருக்கிறது, அதை ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு நிற்பது லேசா. பத்து நாளாக விடிவதற்குள் எழுந்து, பிலோ எழுவதற்கு முன்னால், பிரிட்டோ குறட்டை விடும்போதே, சுட்டிக்குத் தலைக்கயிறு மட்டும் போட்டு அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறாள். கடிவாளம் இல்லை, கேரட் இல்லை, கயிறு கையில் தொங்கலாக. முதல் நாள் சுட்டி மரத்தடியில் நின்றது. அவளும் நின்றாள். இழுக்கவில்லை, தட்டவில்லை, எண்ணினாள், நூறு, மறுபடி நூறு, மறுபடி நூறு. பெத்த மனசு, நிற்கட்டும், பார்க்கிற வரைக்கும் பார்க்கட்டும் என்று அவளுக்கே கண் கலங்கிக்கொண்டு வந்தபோது சுட்டி மெதுவாகத் தலையைத் திருப்பி மூக்கை அவள் ஸ்வெட்டர் பைக்குள் விட்டது. பையைத்தான் பார்த்தது. அந்த இடத்தில் அவளுக்கு ஏதோ அறுந்து விழுந்தது. அப்போ குட்டிக்காக இல்லையா, அப்போ இவ்வளவு நாளும் அவள்தான், அவள் கொடுத்த கேரட்தான். வெறும் பை என்று தெரிந்ததும் சுட்டி தலையைத் தூக்கியது, தூக்கி மறுபடியும் அந்த ரோட்டைப் பார்த்தது, டெம்போ போன ரோட்டை, காதை முன்னால் நீட்டிக்கொண்டு. அப்போ குட்டி நினைப்பும் இருக்கிறதா. எதற்காகப் பார்க்கிறது, கேரட் வருகிற ரோடும் அதுதானே, தூக்குச்சட்டியோடு அவள் வருகிற ரோடும் அதுதானே. குதிரை சொல்லாது. பத்து நாளாக அதையேதான் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாள், பாத்திரம் தேய்க்கும்போது குட்டிதான் என்று தோன்றும், கழுவும்போது கேரட்தான் என்று தோன்றும், குட்டியாக இருந்தால் பாவம் பிரிட்டோவோடது, கேரட்டாக இருந்தால் அவளோடது, சீ, எவ்வளவு ஆசையாகக் குட்டி பக்கம் சாய்கிறது மனசு. ஆனால் முந்நூறு இருநூறாயிற்று. இருநூறு நூற்றுச் சொச்சமாயிற்று. நேற்று நின்றது, அவள் எண்ணினாள், பத்தொன்பதில் சுட்டி உதட்டை நக்கியது, எதையோ மெல்லுகிற மாதிரி வாயை அசைத்தது, வயிறு இறங்குகிற மாதிரி ஒரு பெருமூச்சு, அவள் கயிற்றைத் தொடவேயில்லை, அதுவாக நடந்தது. பத்தொன்பது. இன்னும் ஒரு வாரம் போனால் நிற்காது. ஒரு வாரம். முள்ளைப் போட்டால் இன்றைக்கே நிற்காது, அதுவும் அவளுக்குத் தெரியும், முள் குத்தினால் எதுதான் நிற்கும், ஆனால் அப்புறம் இந்தக் கால் வராது, இந்த மூச்சு தலைமுடிக்குள் வராது, தொட்டியில் ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடிக்கும், அப்படிக் குடிக்க வைத்தது அவளுடைய கேரட். வந்துவிட்டது வலது பின்னங்கால். கனம். தொடைமேல் ஏந்திக்கொண்டாள். சொன்னால் என்ன செய்வான். கத்தினால் தேவலை. ம், என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்தால்தான் தாங்காது. இல்லாவிட்டால் சிரித்து, ஸ்டாண்டில் போய், கேட்டீங்களா மூக்கையாண்ணே, எங்க வீட்டு மேஸ்திரியம்மாதான் நிக்கப் பழக்கி விட்டுருக்காங்க, என்று. அந்தச் சிரிப்பு அவள் தண்ணிக் குடத்தோடு போகும்போதெல்லாம் பின்னாலேயே வரும். சொல்லாவிட்டால் ஒன்றுமே வராது. சொல்லாவிட்டால் அவள் தங்கமான பிள்ளை.

மூன்று கால் ஆயிற்று. இடது பின்னங்கால்தான் மிச்சம், பத்து நாளில் ஒரு நாள்கூட இதை மட்டும் கேட்டுக் கொடுத்ததில்லை, ஏதோ பழைய அடி இருக்கிறது, கடைசியில் அவள் விட்டுவிடுவாள், கொடுக்காட்டிப் போ, மூணு போதும். இடுப்பிலிருந்து கையை இறக்கினாள். தொடை நடுங்கியது, கையை அங்கேயே நிறுத்தி, நடுக்கம் அடங்கினதும் இறக்கினாள். கணுவில் இரண்டு விரல். படகுத்துறைப் பக்கம் முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சைப்ரஸ் மரத்தடியில் இந்நேரம் யாரும் இருக்கமாட்டார்கள், மேகம் மட்டும் நிற்கும். இன்னொரு தரம் மேலேயிருந்து. இடுப்பு, தொடை, கணு. ஒன்று, இரண்டு, மூன்று, அவள் எண்ணுவது சுட்டிக்கா தனக்கா, நெஞ்சிலிருந்து தொண்டைக்கு எத்தனை, தொண்டையிலிருந்து நாக்குக்கு எத்தனை, பதினாறு, பதினேழு, ஜெசீ, என்று படலுக்கு வெளியேயிருந்து பிரிட்டோ கூப்பிட்டான். ஏ ஜெசி, படலத் தொற, கையில சாமான் இருக்கு. சாமான் கிலுங்கியது. சுட்டியின் காது இரண்டும் பின்னால் படுத்தன. போச்சு, என்று அவள் விரலை எடுக்கப் போனாள், எடுப்பதற்குள் நாலாவது கால் தரையைவிட்டு எழுந்து அவள் கைக்குள் வந்து உட்கார்ந்தது. ஏ புள்ள, காது கேக்குதா இல்லையா. இருங்க, என்றாள். யார் சொன்னது என்று அவளே ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். என்னாது, என்றான் அவன். இருங்க, கால் குடுத்துருக்கு. மண்ணைக் கிளறினாள், அவசரப்படவில்லை, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரிக் குளம்பைத் தரையில் வைத்தாள், எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் டக், டக், என்று வந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது, நடந்தாள், வந்தது. படலைத் திறந்தபோது பிரிட்டோ அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே பார்த்தான், வாரில் சைக்கிள் டியூப் சுற்றின அந்த முள்ளுக் கடிவாளம் அவன் வலது கையில் தொங்கியது. கயிறு எங்க, என்றான். கட்டல, என்றாள் அவள். சுட்டி அவளைத் தாண்டிக் கழுத்தை நீட்டி அவன் ஸ்வெட்டரின் இடது பையை மோந்து, பிறகு வலது பைக்கு மூக்கைக் கொண்டுபோயிற்று. அந்தப் பக்கம்தான் இரும்பு இருந்தது, அது மூக்கில் பட்டுவிடாமல் அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று, அதை அவள் பார்த்துவிட்டாள். என்னத்தத் தேடுது இது, என்றான். கேரட்டு, என்றாள். தொண்டையில் இருந்தது, நாக்குக்கு வந்தது. நாந்தாங்க குடுத்துப் பழக்கிட்டேன், அந்த வளைவுல, நின்னா குடுப்பேன், குட்டிய ஏத்துனதுலேருந்து. அவன் சட்டையை மாட்டவில்லை, செல்போனை எடுக்கவில்லை, வாயைக் கொஞ்சமாகத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், மூக்கையா அண்ணனின் காப்பி வாசனை வந்தது, நேத்து பத்தொம்பது எண்ணுறதுக்குள்ள அதுவா நடந்துருச்சுங்க, என்றாள், இன்னும் ஒரே ஒரு வாரம் மட்டும், என்றாள், அம்மா, என்று வீட்டுக்குள்ளேயிருந்து பிலோ எழுந்து அழுதாள், அம்மா, அம்மா, அவள் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது, போய்க்கொண்டே கழுத்தைத் திருப்பி, பாப்பாவத் தூக்கிட்டு வந்துர்றேன், நான் வர்ற வரைக்கும் அந்த முள்ளக் கொண்டுபோயி அது வாயில மாட்டிராதீங்க, என்றாள்.